மழை தின்ற கல்லும் மருந்து குடித்த குழியும்

சுண்ணாம்புக்கல் குவாரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, குழியை எவ்வளவு ஆழம் போட வேண்டும், எவ்வளவு தள்ளித் தள்ளிப் போட வேண்டும் என்பதெல்லாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதையே நானும் திருப்பிச் சொன்னால் உங்களுக்குக் கொட்டாவிதான் வரும். நான் சொல்ல வந்தது வேறு. நாம் வெடி வைக்கப் போகிற கல்லுக்குள் நமக்கு முன்பே ஒருத்தர் புகுந்து வேலை பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அவர்தான் மழை. அவர் எங்கெங்கே கை வைத்தார் என்று பார்க்காமல் நாம் கை வைக்கக் கூடாது.

கோயமுத்தூருக்குத் தெற்கே, கணவாய்க் காற்று சட்டையைப் பிடித்து இழுக்கிற பக்கத்தில் இருந்தது எங்கள் குவாரி. உக்கடத்தில் பஸ் ஏறினால் கண்டக்டர் என்னைப் பார்த்து டிக்கெட் கிழிக்கும் அளவுக்குப் பழகிப்போன பாதை. நான் கல் உடைக்கிற ஆளாகச் சேர்ந்து, பரீட்சை எழுதி, வெடி வைக்கிற ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன். கல்லைப் பற்றிக் கல்லூரியில் படித்தவன் இல்லை. கண்டதைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவன்.

சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு சந்தேகம். அந்தப் பக்கத்தில் மண்ணுக்கு மேலே தலைநீட்டி நிற்கும் சுண்ணாம்புப் பாறைகளில், விரலால் வழித்துவிட்ட மாதிரி மேலிருந்து கீழே கோடு கோடாகப் பள்ளம் ஓடும். பக்கத்திலேயே இருக்கிற கருங்கல்லில் அப்படி ஒன்றும் கிடையாது. ஏன் என்று கண்டவர்களையெல்லாம் கேட்டேன். டீக்கடை அக்கா, "கல்லுக்கும் வயசானா மூஞ்சி சுருங்காதுங்களா?" என்றார். ட்ரில் ஓட்டும் சலீம் பாய், "தண்ணி நாக்கைப் போட்டு நக்கியிருக்குதுங்கண்ணா" என்றார். பாய் சொன்னதுதான் கிட்டத்தட்ட சரி.

மழைத்தண்ணீர் காற்றைக் கடந்து வரும்போதே லேசாகப் புளிப்பேறிவிடும். மக்கிய இலையும் வேரும் இருக்கும் மண்ணுக்குள் இறங்கும்போது இன்னும் கொஞ்சம் புளிப்பேறும். அந்தப் புளிப்பால் கருங்கல்லிடம் எளிதில் வாலாட்ட முடியாது. சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துவிடும். சட்டென்று இல்லை, நம் தாத்தனுக்குத் தாத்தன் காலத்தில் ஆரம்பித்தது இன்னும் முடியவில்லை என்கிற வேகத்தில். கல்லில் மயிரிழை வெடிப்பு ஒன்று கிடைத்தால் போதும், தண்ணீர் அதற்குள் போய், இரண்டு பக்கமும் தின்று, வெடிப்பைச் சந்தாக்கி, சந்தைப் பொந்தாக்கிவிடும். மேலே இருக்கிற செம்மண் அதற்குள் சரிந்து நிரம்பிவிடும். கரைந்துபோன சுண்ணாம்பாவது சும்மா போகுமா என்றால், அதுவும் போகாது. நம் ஊர் வெயிலில் தண்ணீர் காயும்போது மண்ணுக்கடியில் வெள்ளை வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும். ஏர் முனை 'டங்'கென்று முட்டும்போது நம் விவசாயிகள் திட்டுகிறார்களே, அந்தச் சுக்கான் கல் அதுதான். இங்கே கரைந்த கல் அங்கே மறுபடி கல்லாகிறது. இது தெரிந்த நாளிலிருந்து எந்தக் காட்டைப் பார்த்தாலும் எனக்கு அது சும்மா கிடக்கிற நிலமாகத் தெரிந்ததில்லை. வேலை நடந்துகொண்டிருக்கிற இடமாகத்தான் தெரியும்.

மழை அதிகம் பெய்கிற நாடுகளில் இந்த வேலை பெரிய பெரிய குகையாக வெளியே தெரியுமாம். நம்முடையது மழை குறைந்த பூமி. இங்கே அது மண்ணுக்குள் ஒளிந்து நடக்கும். ஒளிந்து நடப்பதுதான் நமக்கு ஆபத்து. ஒரு நாள் அது எங்களை எப்படிச் சோதித்தது என்று சொல்கிறேன்.

நல்ல கோடை. மேற்குப் பக்கத்து பெஞ்சில், அதாவது குவாரியில் படி மாதிரி வெட்டி வைத்திருக்கும் தளத்தில், வரிசையாகக் குழி போட்டு முடித்திருந்தார்கள். காலையிலிருந்து ஆறுச்சாமி தன் ஆட்களோடு ஒவ்வொரு குழியிலும் மருந்து போட்டுக்கொண்டு வந்தான். மருந்து என்று நாம் சொல்வது வெடிமருந்தைத்தான். குழியின் அடியில் வெடியைக் கிளப்புகிற கேப்பை இறக்கிவிட்டு, உப்புப் போல இருக்கும் மருந்தை மேலே கொட்டிக்கொண்டே வர வேண்டும். குறிப்பிட்ட உயரம் வந்ததும் நிறுத்தி, மீதியைக் கல்தூளால் அடைக்க வேண்டும்.

ஆறுச்சாமி நல்ல வேலைக்காரன். ஒரே குறை, எந்தக் குழியையும் பசியோடு விடமாட்டான். நான் வரிசையின் கடைசிக்குப் போனபோது அவன் ஒரு குழியின் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணா, இதொண்ணு மட்டும் மேல வரமாட்டீங்குதுங்க. இன்னொரு மூட்டை குடுத்தாச் சரியாப் போயிருமுங்க."

"இதுவரைக்கும் எவ்வளவு போட்டே?"

"மத்ததைக் காட்டிலும் ரெண்டு பங்கு குடிச்சிருக்குமுங்க."

"குடிக்குதுன்னு தெரிஞ்சும் ஏன்யா ஊத்துனே?"

"குறையா உட்டாக் கல்லு ஒடையாதுங்களே. என்ற கையில ஒரு குழியும் அரை வயிறா இருந்ததில்லீங்கண்ணா."

அவன் தூக்கிய மூட்டையைக் கீழே வைக்கச் சொன்னேன். அளவு நாடாவில் எடையைக் கட்டி இறக்கிப் பார்த்தால், மருந்து பாதிக் குழிக்குக் கீழேயே கிடந்தது. அவ்வளவும் எங்கே போனது?

முந்தின நாள் குழி போட்ட சலீம் பாய் வேலை முடிந்து வீட்டில் இருந்தார். ஃபோனில் கூப்பிட்டேன்.

"அந்தக் கடைசிக் குழிங்களா? நடுவுல ட்ரில் ராடு சடக்குன்னு எறங்குச்சுங்கண்ணா. அப்புறம் கொஞ்ச நேரம் செம்மண்ணாத்தான் வந்துச்சு. அதான் அந்தச் செவப்புக் குமியைக் குழி ஓரமா அப்படியே உட்டுட்டு வந்தேன். பாக்கலீங்களா?"

குமி அங்கே இல்லை. ஒவ்வொரு குழியைச் சுற்றியும் வெளியே வந்த தூள் குவிந்திருக்கும். வெள்ளையாக இருந்தால் கீழே கெட்டிக் கல், சிவப்பாக இருந்தால் மழை நோண்டி மண் அடைத்த பொந்து. ட்ரில்காரர்கள் நமக்கு எழுதாமல் எழுதி வைக்கிற சேதி அது. ஆனால் அன்று காலை மேலதிகாரிகள் பார்வையிட வருவதாக ஒரு பேச்சு அடிபட்டது. பெஞ்ச் பளிச்சென்று இருக்கட்டும் என்று யாரோ நல்ல மனதோடு எல்லாக் குமியையும் கூட்டித் தள்ளிவிட்டார்கள். அதிகாரிகள் வரவேயில்லை.

அன்று குவாரியில் இருந்த நிலவியல் படித்த பெண்ணின் பெயர் நிவேதா. பீளமேட்டுப் பக்கம் கல்லூரி முடித்துச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. ஆனால் வெயிலுக்குப் பயப்படாத பெண். விஷயத்தைச் சொன்னதும் குழியைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தாள். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் புல் எல்லாம் காய்ந்து சருகாகியிருக்க, ஒரு வாய்க்கால் அகலத்துக்கு மட்டும் தரை லேசாகத் தணிந்து, பச்சை விடாமல் இருந்தது. கீழே மண் ஆழமாக இருந்தால்தான் ஈரம் நிற்கும். மண் அவ்வளவு ஆழமாக இருக்கிறதென்றால் அங்கே கெட்டிப் பாறை இல்லை என்று அர்த்தம்.

"இந்தப் பச்சை நம்ம குழியில இருந்து நேரா மேற்கே போகுதுங்கண்ணா," என்றாள். கீழே இறங்கிப் போய், மேற்கே பார்த்து வெட்டி நிற்கும் கல் சுவரை அண்ணாந்து பார்த்தாள். சுவரில் துருப்பிடித்த மாதிரி ஒரு சிவப்புக் கறை வழிந்திருந்தது. "வெடிப்பும் அதே தெசைதானுங்க. சுவத்துக்குப் பின்னாலயே பொந்து இருந்து, மருந்து அதுக்குள்ள போய்க் குமிஞ்சிருந்தா?"

"அப்ப இது சுவரில்ல அம்மணி. வெறும் தோலு."

நான் பார்த்தது பாதி, அவள் பார்த்தது பாதி. இரண்டையும் ஒட்டிப் பார்த்தபோது இருவருமே ஒரே நேரத்தில் திரும்பி மேற்கே பார்த்தோம். வெடி நேரத்தில் ஆட்களை நிறுத்தச் சிவப்புக் கொடி நடும் எல்லைக்கு அப்பால் ஒரு வீடு. வாசலில் பந்தல். மைக் செட்டில் பாட்டு. பந்தலுக்கு அடியில் ஜனம்.

அந்த வீட்டுக்குக் கல் பறக்கும் என்று நாங்கள் ஒரு நாளும் நினைத்ததில்லை. ஒழுங்காக மருந்து போட்ட வெடி அவ்வளவு தூரம் போகாது. ஆனால் கனமில்லாத தோலுக்குப் பின்னால் இரண்டு பங்கு மருந்து இருந்தால், அது துப்புகிற தூரத்துக்குக் கணக்கே கிடையாது.

நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். முடியாது. கேப்பு உள்ளே இறங்கியாயிற்று. அந்தக் காலத்தில் நாங்கள் வைத்திருந்தது மின்சாரத்தில் வெடிக்கிற கேப்பு. மேற்கே மலைக்கு மேலே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. கோடை மழை இடியோடுதான் வரும். மின்னல் பக்கத்தில் விழுந்தால் யாரும் பட்டனை அமுக்காமலே வரிசை முழுதும் வெடித்துவிடும், பந்தலில் ஜனம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே. மேகம் வருவதற்குள் நாமாக வெடித்தாக வேண்டும். அதற்குள் அந்த வீடு காலியாக வேண்டும்.

மேனேஜரிடமிருந்து ஃபோன் வந்தது. "மேகம் கட்டுது பாத்தீங்களா? வழக்கமான எல்லையில ஆளை நிறுத்திப்போட்டுச் சங்கு ஊதி வெடிச்சிருங்க."

"ஊதமாட்டேனுங்க சார்."

"என்னது?"

சொன்னேன். ஒளிக்காமல், ஆறுச்சாமியின் பெயரையும் இழுக்காமல், 'நம்ம குழி ஒண்ணு அதிகமாக் குடிச்சிருச்சுங்க' என்று சொன்னேன். திட்டு வரும் என்று காத்திருந்தேன்.

"உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

"தண்ணி லாரி வேணுமுங்க. அப்புறம் நேரம் வேணுமுங்க."

"லாரி அனுப்பறேன். நேரத்தை அந்த மேகத்துக்கிட்டத்தான் கேக்கோணும்."

ஒன்று கவனியுங்கள். மேலே இருப்பவரிடம் பயத்தைச் சொல்லாதீர்கள், நிலைமையைச் சொல்லுங்கள், கூடவே என்ன வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். நான் பார்த்தவரையில் நல்ல மேனேஜர்கள் அதற்கு மறுப்புச் சொன்னதில்லை.

தண்ணீர் எதற்கு என்றால், அந்த மருந்து தண்ணீரில் கரையும். கரைந்த மருந்துக்கு வீரியம் இல்லை. லாரி வந்து குழாயைக் குழிக்குள் விட்டார்கள். குழி அதையும் குடித்தது. கொட்டக் கொட்ட உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கீழே நின்ற நிவேதா திடீரென்று கத்தினாள்.

"அண்ணா! வந்துருச்சுங்க!"

ஓடிப்போய்ப் பார்த்தோம். வெட்டி நின்ற சுவரில், அந்தச் சிவப்புக் கறை இருந்த இடத்திலிருந்து, செம்மண் தண்ணீர் கசிந்து வழிந்தது. ஆறுச்சாமி தன் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தான். பிறகு எடுத்துவிட்டான்.

"இத்தனை பக்கத்துலயா கெடந்துச்சுங்க?" என்றான்.

அந்தத் தண்ணீர் வெளியே ஓடி யார் கிணற்றுக்கும் போய்விடாமல் குவாரிப் பள்ளத்திலேயே தேக்க ஆள் போட்டேன். லாரியை நிறுத்தாதே என்று சொன்னேன். மருந்து எவ்வளவு கரைந்தது, பொந்தின் மூலையில் காய்ந்தபடி எவ்வளவு இருக்கிறது என்று வெளியே நிற்கிற எங்களால் சொல்ல முடியாது. தண்ணீரை நம்பி ஒரு பந்தியைப் பணயம் வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஆறுச்சாமியைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு நடந்தேன்.

வழியில் அவன் ஒரு யோசனை சொன்னான். "தேனீ கலைஞ்சுருச்சு, கொட்ட வருதுன்னு சொல்லிப்போடலாமுங்கண்ணா. சனம் சிட்டாப் பறந்துரும். வம்பு வராது."

"பொய்யைக் கேட்டு எந்திரிச்சவன் பாதி வழியில செருப்பை மறந்துட்டேன்னு திரும்பி வருவான் சாமி. நெசத்தைக் கேட்டவன் திரும்பமாட்டான்."

இதை நீங்கள் மறக்காமல் இருந்தால் எனக்குப் போதும்.

வீட்டுக்காரி கவிதா. கணவனும் அவளுமாக வீட்டை ஒட்டி விசைத்தறி போட்டிருந்தார்கள். கணவன் அன்று நெய் வாங்கவோ எதற்கோ ஊருக்குள் போயிருந்தான். குழந்தைக்குக் காதுகுத்து. மாமன் மடியில் வைத்துக் காது குத்தியாயிற்று, பந்தி ஆரம்பித்தாயிற்று. எங்களைப் பார்த்ததும் கவிதா ஓடி வந்தாள்.

"வாங்கண்ணா, வாங்க. கையைக் கழுவிட்டு உக்காருங்க, எலை போடறேன்."

"சாப்புட வரலீங்க அம்மணி. ஒரு காரியமா வந்தேன். எல்லாத்தையும் இங்கிருந்து கெளப்போணும். இப்பவே."

எங்கள் குழியில் மருந்து அதிகமாகிவிட்டது, தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறோம், ஆனாலும் உறுதி சொல்ல முடியாது, மேகம் வருவதற்குள் வெடித்தாக வேண்டும் என்று நின்றபடியே சொன்னேன். அவள் பதில் சொல்வதற்கு முன் பின்னாலிருந்து அவள் மாமனார் வந்துவிட்டார்.

"ஏனுங்க, இத்தனை வருசமா வெடி வெக்கறீங்க. ஒரு நாளாச்சும் எந்திரின்னு வந்தீங்களா? எங்கூட்டு விசேசத்தன்னைக்குத்தான் உங்களுக்கு வாய்ச்சுதாக்கு?"

"நாங்க வேணுமின்னு வரலீங்க."

"ஒறம்பரையை எலையில உக்கார வெச்சுப்போட்டு, எந்திரிச்சுப் போங்கன்னு சொல்லச் சொல்றீங்க. சொன்னா நாளைக்கு நான் எவன் ஊட்டு வாசல்லீங்க போய் நிக்கறது?"

அவர் கேட்டதில் தப்பில்லை. விருந்தாளியை இலையிலிருந்து எழுப்புவதென்றால் நம் பக்கத்தில் அது சாதாரண விஷயமில்லை. அந்தக் கோபம் தலைமுறைக்கும் போகும். அவருக்கு அவர் மானம், எனக்கு அந்தப் பந்தலுக்கடியில் இருந்த உயிர். இரண்டும் ஒரே வாசலில் நின்றன.

கவிதா மேற்கே மேகத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"கல்லு எதுவரைக்கும் வருமுங்க?"

"வராமயும் போகலாம். வந்தா உங்க வாசலுக்கு வரும்."

"பயமுறுத்தறீங்களா, நெசந்தானுங்களா?"

"நெசமுங்க. தப்பு எங்க பக்கந்தான்."

அதற்கப்புறம் அவள் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மாமனாரிடம் திரும்பினாள். "மாமா, யாரையும் எந்திரிச்சுப் போகச் சொல்ல வேண்டாமுங்க. பந்தியைத் தென்னந்தோப்புக்கு மாத்திக்கலாமுங்க."

"எலையில சோறு போட்டாச்சு புள்ள!"

"எலையோடவே போலாமுங்க."

உள்ளே போய்த் தாம்பாளத் தட்டை எடுத்து வந்தாள். பந்தியின் முதல் இலையில் அவள் அண்ணன், குழந்தையின் தாய்மாமன், உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அந்த வீட்டில் அவருக்கு மேல் மரியாதைக்குரியவர் யாரும் கிடையாது. கவிதா அவர் இலையைச் சோறோடு அப்படியே தட்டுக்கு நகர்த்தி, அவர் கையில் கொடுத்தாள்.

"அண்ணா, நீ மொதல்ல நட. மாமனே நடந்துட்டா அப்புறம் யாரு கொறை சொல்லப் போறாங்க?"

அந்த மனிதர் ஒரு நொடி தங்கையைப் பார்த்தார். ஒரு கையில் தட்டு, மறு கையில் குழந்தை. எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார். அவ்வளவுதான், பந்தி முழுதும் பின்னால் எழுந்தது. தட்டு கிடைத்தவர்கள் தட்டோடு, கிடைக்காதவர்கள் இலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு.

"மெதுவா நடய்யா, கறிக்கொழம்பு என்ற வேட்டியில ஊத்துது!"

"ரசம் ஊத்தறதுக்கு மின்னாடி வந்துட்டாங்க, புண்ணியவானுங்க. இல்லீனா நீந்தித்தான் போயிருக்கோணும்."

"மாப்பிள்ளை ஊர்வலம் பாத்திருக்கறேன் மச்சான். எலை ஊர்வலம் இப்பத்தானுங்க பாக்கறேன்."

தென்னந்தோப்பு வீட்டுக்கு மேற்கே, ஒரு கரட்டைத் தாண்டி, அந்தச் சிறு குன்றின் மறைவில் இருந்தது. அண்டாவும் குண்டாவும் டிராக்டரில் போயின. மாமனார் மட்டும் கடைசிவரை முகம் கொடுக்கவில்லை. "ஊர் சிரிக்குது," என்று முனகிக்கொண்டே மாட்டை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு போனார். நானும் ஆறுச்சாமியும் ஒவ்வொரு அறையாகப் பார்த்தோம். தறிக்கூடத்தில் ஒருத்தர் உண்ட மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பி அனுப்பினோம். அதிர்வில் கண்ணாடி நொறுங்காமல் இருக்க ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துவிட்டு, வெறும் பந்தலைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

குவாரிக்கு வந்தபோது மலை உச்சி மேகத்துக்குள் போய்விட்டிருந்தது. குழிக்குள் தண்ணீர் நிறைந்து நின்றது. லாரியை விலக்கி, கொடிகளை அந்த வீட்டுக்கு அப்பால் கொண்டுபோய் நட்டு, ரோட்டில் இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தி, தோப்பிலிருந்து எல்லாரும் மறைவில் இருப்பதாகக் கவிதாவே ஃபோனில் சொன்ன பிறகு சங்கு ஊதச் சொன்னேன்.

பட்டனை அமுக்கினேன்.

தரை ஒரு தடவை முதுகை நெளித்தது. சுவர் மேலே எழாமல் அப்படியே மடிந்து கீழே உட்கார்ந்தது. அந்தக் கடைசிக் குழி இருந்த முனையில் மட்டும் 'பொத்'தென்று ஒரு சத்தம். செம்மண் சேறு வாந்தி எடுத்த மாதிரி வெளியே சரிந்து, குவாரித் தரையிலேயே நின்றுவிட்டது. தூசி அடங்கியதும் போய்ப் பார்த்தோம். பழைய கொடி எல்லையைக்கூட ஒரு கல் தாண்டவில்லை. கொஞ்ச நேரத்தில் முதல் இடி கேட்டது.

தோப்புக்குச் சொல்லப் போனேன். மழை தூற ஆரம்பித்திருந்தது. மாமனார் என்னைத் தேடி வந்தார்.

"ஏனுங்க, கல்லு வருமுன்னு சொன்னீங்க. ஒரு சல்லிகூட வரலீங்களே?"

"வரலீங்க."

"இதுக்குத்தான் எங்களைக் கறிச்சோத்தோட ஓட்டுனீங்களா?"

சுற்றி நின்ற உறவுக்காரர்கள் சிரித்தார்கள். ஒன்றிரண்டு பேர் சிரிக்கவும் இல்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொல்லாமல் கிளம்பினார்கள். ஆறுச்சாமிக்குத் தாங்கவில்லை, ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தம்பிகளே, தங்கைகளே, நம் தொழிலில் ஜெயித்தால் ஒன்றும் நடக்காது. தோற்றால்தான் எல்லாருக்கும் தெரியும். நாம் சரியாக முடிவெடுத்த நாளில் நம்மைப் பார்த்து, 'இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?' என்றுதான் கேட்பார்கள். கேட்கட்டும். அன்று மழையில் நனைந்துகொண்டு, நாலு பேர் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு நின்றபோது, இத்தனை வருட வேலையில் எந்தப் பாராட்டும் தராத பெருமை எனக்குள் இருந்தது. சிரிக்க அவர்கள் எல்லாரும் இருந்தார்களே.

அதற்கப்புறம் எங்கள் குவாரியில் ஒரு பழக்கம் வந்தது. வெடி வைக்கிறவர் குழிக்குக் குழி போய்த் தூளின் நிறத்தைப் பார்க்காமல் யாரும் துடைப்பத்தைத் தொடக் கூடாது. பக்கத்துக் குழியைவிட ஒரு குழி அதிகமாகக் கேட்டால் கை அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். இந்த இரண்டையும் புது ஆட்களுக்குச் சொல்கிற வேலையை ஆறுச்சாமியே கேட்டு வாங்கிக்கொண்டான். நிவேதா பச்சை ஓடுகிற கோடுகளையெல்லாம் நடந்து நடந்து வரைபடத்தில் ஏற்றினாள்.

உடைந்த கல்லை அள்ளி முடித்தபோது பொந்து வெளியே தெரிந்தது. பாதி வெடியில் போய்விட்டது, மீதிப் பாதி புதுச் சுவரில் ஓர் அறை அளவுக்கு நின்றது. உளியே படாத வழவழப்பு. தண்ணீர் சுழன்று சுழன்று குடைந்த கிண்ணம் கிண்ணமான குழிவுகள். கூரையில் அந்த முதல் மயிரிழை வெடிப்புகூடத் தெரிந்தது. எங்கள் வெடி ஒரே நொடியில் செய்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மழையின் வேலை எவ்வளவு சுத்தம்! ஆறுச்சாமி தலைப்பாகையை அவிழ்த்துவிட்டான். வந்து பார்க்கும்படி நான் கவிதா வீட்டுக்குச் சொல்லி அனுப்பினேன். தொங்குகிற கல்லையெல்லாம் தட்டி இறக்கிவிட்டு, வந்தவர்களுக்கு நிவேதா தலைக்கவசம் மாட்டிவிட்டாள்.

மாமனார்தான் முதலில் பொந்தின் வாய்க்குப் போனார். உள்ளே பார்த்தார், வழவழப்பைத் தடவினார். பிறகு வெளியே திரும்பினார். அங்கே நின்று பார்த்தால் வேறு எதுவும் கண்ணில் படாது. நேர் எதிரே அவர் வீட்டு வாசல். பந்தல் போட்டிருந்த இடத்தில் அன்று துணி காய்ந்துகொண்டிருந்தது.

பிறகு மடியிலிருந்து ஃபோனை எடுத்தார். அன்று துண்டை உதறிவிட்டுப் போன ஒருவரைக் கூப்பிட்டார்.

"மச்சான், நாந்தான். கோவம் இருக்கட்டுமுங்க. ஒருக்கா குவாரிக்கு வாங்க. வந்து நான் நிக்கற எடத்துல நின்னு பாருங்க. அப்புறம் பேசிக்கலாம்."

வந்தார்கள். அவர் மட்டுமில்லை, இன்னும் பலர். ஒருவர் பின் ஒருவராகப் பொந்தின் வாய்ப்பக்கம் நின்று, வீட்டைப் பார்த்துவிட்டு, விலகி அடுத்தவருக்கு இடம் விட்டார்கள். கடைசியாகக் கவிதாவின் அண்ணன் வந்தார். தோளில் குழந்தை, காதில் புதுக் கடுக்கன் மின்னியது. இரண்டு எட்டு வைத்தவர், தலையைத் திருப்பித் தங்கை வீட்டு வாசலைப் பார்த்தார். அப்புறம் குழந்தையின் முகத்தைத் தன் கழுத்தோடு அணைத்துக்கொண்டு, பொந்தின் வாய்க்குப் போகாமலே திரும்பி நடந்தார்.